‘உங்கள் பண்பாடு அல்லாத ஒன்றை எடுங்கள்’ என்கிறார்கள் – எதை எடுப்பது?

மறுபடி_மாணவி எழுதியது:

வணக்கம். ஹூஸ்டன் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் அக்கவுன்டிங் படிக்கிறேன். ஊரில் பி.காம் முடித்தவள்தான், ஆனால் இங்கே பல கிரெடிட்களை ஏற்கவில்லை, அதனால் டெக்சாஸின் 42 கிரெடிட் கோர் பாடங்களில், அதாவது எல்லோருக்கும் கட்டாயமான பொதுப் பாடங்களில், சிலவற்றை எடுத்தே ஆக வேண்டும். இந்த செமஸ்டர் ஹியூமானிட்டீஸ் அறிமுகம், ஹியூமா 1301. மாலை வகுப்பு, குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுத்தான் படிக்கிறேன்.

பாடப்புத்தகம் ‘உலகப் பண்பாடுகள்’ என்று அட்டையில் போட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே போனால் கிரேக்கம், ரோம், ஐரோப்பிய மறுமலர்ச்சி என்று பாதிப் புத்தகம் ஓடிவிடுகிறது. மிச்சமிருக்கும் சீனா, ஜப்பான், இந்தியா, ஆப்பிரிக்கா, கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்கா எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு வாரம். ஆப்பிரிக்கா முழுக் கண்டத்துக்கும் ஒரு வாரம்! இந்தியா வாரத்தில் தாஜ்மகால், காந்தி, யோகா, அப்புறம் ஒரு நடராஜர் படம், அதற்குக் கீழே அரைப் பத்தி. சோழர் என்ற சொல் ஒரு முறை வந்தது. அந்தச் சிலை கோயிலில் என்ன செய்கிறது, யார் அதற்கு அபிஷேகம் செய்கிறார்கள், எப்போது வெளியே வருகிறது, எதுவும் இல்லை.

இறுதிக் கட்டுரைக்கு ஏதாவது ஒரு அருங்காட்சியகத்துக்குப் போய், நம் பண்பாடு அல்லாத ஒன்றிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்து ஐந்து பக்கம் எழுத வேண்டும். என் கேள்வி இதுதான்: ஆசிரியரிடம் பேசி நடராஜரையே எழுத அனுமதி கேட்கலாமா? கேட்கக் கூடாது என்றால் எதை எடுப்பது? அக்கவுன்டிங் படிக்கிறவளுக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா என்றும் யாராவது சொல்லுங்கள், ஏனென்றால் வீட்டில் அதைத்தான் கேட்கிறார்கள்.

பைதான்_பையன் எழுதியது:

அக்கா, இதற்கெல்லாம் இவ்வளவு யோசிக்காதீர்கள். மூன்று கிரெடிட் பாடம். ஜப்பான் எடுங்கள், தேநீர்ச் சடங்கு அல்லது சாமுராய் கவசம், இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. டிஸ்கஷன் போர்டில் வாரம் ஒரு பதிவு, இரண்டு பேருக்குப் பதில், ‘உங்கள் கருத்து மிகவும் சுவாரசியமானது’ என்று தொடங்கி நான்கு வரி. நான் அப்படித்தான் தாண்டினேன். பயன் என்று கேட்டால், டிரான்ஸ்கிரிப்டில் ஒரு வரி நிரம்பும்.

நாகர்கோவில்காரன் எழுதியது:

தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். நடராஜரைத்தான் எழுத வேண்டும், அதுவும் கொஞ்சம் கோபத்தோடு எழுத வேண்டும். இந்த நாட்டில் இது பழைய சண்டை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1919-இல், முதல் உலகப் போர் முடிந்த கையோடு, ஐரோப்பிய நாகரிகத்தை எல்லோருக்கும் கட்டாயப் பாடமாக வைத்தார்கள், அதே அச்சில்தான் அப்புறம் பல கல்லூரிகளின் பாடங்கள் வார்க்கப்பட்டன. ஸ்டான்போர்டில் 1987 ஜனவரியில் மாணவர்கள் ‘வெஸ்டர்ன் கல்ச்சர்’ என்ற கட்டாயப் பாடம் ஒழிய வேண்டும் என்று கோஷம் போட்டு ஊர்வலம் போனார்கள், கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனும் கூடவே நடந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஆசிரியர் செனட் வாக்கெடுத்து அந்தப் பாடத்தை மாற்றியது. அன்றைய கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட் ஸ்டான்போர்டுக்கே போய் அதைக் கண்டித்துப் பேசினார். ஆரிகனில் ரீட் கல்லூரியில் 2016-இலிருந்து மாணவர்கள் முதலாண்டு ஹியூமானிட்டீஸ் வகுப்பிலேயே பதாகை பிடித்து உட்கார்ந்தார்கள், அதற்கப்புறம்தான் அங்கே மெக்சிகோ நகரமும், நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லமும் பாடத்தில் ஏறின.

இத்தனைக்குப் பிறகும் உங்களுக்குக் கிடைத்தது அரைப் பத்தி. செம்பியன் மாதேவி என்ற ஒரு சோழ அரசி இல்லாமல் நடராஜர் இவ்வளவு கோயில்களில் ஏறியிருக்கவே மாட்டார், அந்தப் பெயர் புத்தகத்தில் இருக்கிறதா? நீங்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

பகுதிநேர_வாத்தியார் எழுதியது:

நான் வேறொரு மாநிலத்தில் இதே மாதிரிப் பாடத்தைப் பகுதிநேரமாக நடத்துகிறவன். ஒரு செமஸ்டரில் மூன்று கல்லூரிகளுக்கு கார் ஓட்டுகிற ஜாதி. அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பைதான்_பையனுக்கு: அந்த ‘மிகவும் சுவாரசியமானது’ பதில்களை வாரா வாரம் படிப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? இப்போது அதையும் ஏஐ எழுதித் தருகிறது, ஆகவே எல்லோருக்கும் எல்லாமே சுவாரசியமாக இருக்கிறது. சாமுராய் கட்டுரைகள் ஒவ்வொரு செமஸ்டரும் வருகின்றன. அதில் பெரும்பாலும் சாமுராய் இருக்க மாட்டார், திரைப்படம்தான் இருக்கும்.

ஒரு வாரத்துக்கு ஒரு கண்டம் என்பது அபத்தம்தான், நாகர்கோவில்காரர் சொல்கிற வரலாறும் சரிதான். ஆனால் அந்தப் போராட்டங்களின் பலன் நிறைய இடங்களில் எப்படி வந்து முடிந்தது என்றால், பழைய பாடத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்க, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு வாரம் பிரித்துக் கொடுத்தார்கள். பத்து நாளில் எட்டு நாடு காட்டும் டூர் பேக்கேஜ் மாதிரி, பஸ்ஸை விட்டு இறங்கி போட்டோ எடுத்துக்கொண்டு ஏறுவதுதான் நடக்கிறது. இந்தியாவுக்கு ஒரு வாரத்தை இரண்டாக்கினால் இன்னும் இரண்டு போட்டோ கிடைக்கும், அவ்வளவுதான்.

உங்கள் ஆசிரியர் ஒரே பொருளை எடுக்கச் சொல்லியிருக்கிறாரே, அதுதான் அந்த சிலபஸில் உருப்படியான இடம். நம்முடையது அல்லாததை எடு என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. தெரிந்ததை எழுதும்போது கேள்வி வராது. நான் முதல் வாரம் மாணவர்களுக்கு 1956-இல் ஹொரேஸ் மைனர் என்ற மானுடவியலாளர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையைக் கொடுப்பேன். நசிரேமா என்று ஒரு மக்கள் கூட்டம், வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு பெட்டி வைத்து அதில் மாயப் பொடிகளைச் சேர்க்கிறார்கள், தினமும் பன்றி முடிக் கற்றையை வாயில் விட்டுச் சடங்கு செய்கிறார்கள், ஆண்டுக்கு ஓரிரு முறை வாய்ப் பூசாரியிடம் போய்ச் சித்திரவதைப்படுகிறார்கள். மாணவர்கள் பரிதாபப்பட்டு எழுதுவார்கள், இவர்களுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்றுகூட எழுதுவார்கள். அப்புறம் அந்தப் பெயரைப் பின்னாலிருந்து வாசிக்கச் சொல்வேன். பல் துலக்கும் அமெரிக்கர்களைப் பற்றிய கட்டுரை அது. அந்த அதிர்ச்சி ஒரு வாரம் தாங்கும்.

ஹூஸ்டனில் இருந்துகொண்டு நீங்கள் யோசிக்கவே வேண்டாம். நுண்கலை அருங்காட்சியகத்தில் கிளாஸெல் என்பவர் கொடுத்த ஆப்பிரிக்கத் தங்கத் தொகுப்பு இருக்கிறது, அதில் பெரும்பகுதி கானா நாட்டு ஆக்கான் மக்களுடையது. வியாழக்கிழமை பொது நுழைவு இலவசம். (கிளாஸெல் ஒரு எண்ணெய் முதலாளி. 1953-இல் பெரு நாட்டுக் கடலில் 1,560 பவுண்டு எடையுள்ள கருப்பு மார்லின் மீனைத் தூண்டிலில் பிடித்து உலக சாதனை செய்தவரும் அவரேதான். கட்டுரைக்கு இது உதவாது, ஆனாலும் எனக்குப் பிடித்த தகவல்.) போய்ப் பாருங்கள். வாசிக்காமல், முதலில் வெறுமனே பாருங்கள்.

ரொறொன்ரோ_மதினி எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறொன்ரோ. இந்தப் பாடத்தை நானும் படித்திருக்கிறேன், அதனால் நாகர்கோவில்காரருக்கு ஒரு விசயம். எங்கட வகுப்பில் இந்து சமயம் வந்த கிழமை, முழு வகுப்பும் திரும்பி என்னைத்தான் பார்த்தது. ஆசிரியரும் ‘நீங்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்’ என்று மிகவும் அன்பாகக் கேட்டார். நான் கத்தோலிக்கச்சி. பொங்கலும் கொண்டாடுவோம், பெரிய வெள்ளிக்கு உபவாசமும் இருப்போம், மடுமாதா திருவிழாவுக்கு சின்ன வயதில் குடும்பத்தோடு போய்த் தங்கியிருக்கிறோம். அதைச் சொன்னபோது அவர்களுக்கு உண்மையில் ஏமாற்றமாகப் போய்விட்டது, ஏனென்றால் அது அவர்களுடைய புத்தகத்தில் எந்தக் கிழமையிலும் வராது. நீங்கள் நடராஜரை எடுத்தால் உங்களையும் இப்படித்தான் ஒரு முழுப் பண்பாட்டுக்குப் பிரதிநிதியாக நிற்க வைப்பார்கள். அது சுகமான வேலை இல்லை.

இன்னொன்று. அந்த அரைப் பத்தியில் ‘பிரபஞ்ச நடனம்’ என்று வந்திருக்குமே, வந்ததா? அமெரிக்கப் புத்தகங்களில் அந்த விளக்கம் பெரும்பாலும் ஆனந்த குமாரசுவாமியிடம் இருந்து இறங்கி வந்தது. கொழும்பில் பிறந்தவர், தகப்பன் முத்து குமாரசுவாமி தமிழர், தாய் ஆங்கிலேயர். 1917-இலிருந்து பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலையைப் பொறுப்பேற்று நடத்தினவர். அந்த விளக்கத்தை எழுதின கட்டுரை வந்தது 1918-இல் வெளியான அவருடைய தொகுப்பில். ஆக அந்த அரைப் பத்தி வெள்ளைக்காரன் நம்மைக் கவனியாமல் விட்டதால் வந்த குறை மட்டும் இல்லை. எங்கட ஆளே அவர்களுக்கு விளங்குகிற மாதிரி தத்துவமாக எழுதிக் கொடுத்தார், அது தேர்வுக்கு வசதியாக இருந்தது, நின்றுவிட்டது. பூவும் பட்டும் சாத்தி நகையெல்லாம் போட்டபின் திருமேனியில் முகம் தவிர எவ்வளவு தெரியும்? அந்தக் காட்சி அந்தக் கட்டுரைக்குள் வரவில்லை.

நாகர்கோவில்காரன் எழுதியது:

குமாரசுவாமியைப் பற்றிச் சொன்னது நல்ல தகவல், நன்றி. ஆனாலும் நான் விடுவதாயில்லை. பிரதிநிதியாக நிற்பது கஷ்டம் என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டால் அந்த அரைப் பத்தி இன்னும் நூறு ஆண்டுக்கு அரைப் பத்தியாகவே இருக்கும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். திருடிக் கடத்தி, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள்தான் காட்டிக்கொடுத்தன, 2014-இல் அவர்கள் பிரதமரே டெல்லி வந்து ஒப்படைத்தார். ‘அழகான உலோகக் கலை’ என்று ஒரு வாரம் பாடம் நடத்துகிறவர்கள் அந்த உலோகம் எப்படி அங்கே வந்தது என்று ஒரு வரி சொல்ல வேண்டாமா?

மாடரேட்டர்:

சிலை மீட்பு பற்றிய அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். இங்கே மறுபடி_மாணவியின் கட்டுரை.

மறுபடி_மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. வாத்தியார் சார் சொன்னபடி வியாழக்கிழமை போனேன். இரவு ஒன்பது வரை திறந்திருப்பதால் வேலை முடித்துப் போக முடிந்தது.

நகைகளைத்தான் பார்ப்பேன் என்று நினைத்துப் போனேன், நம் கண் அங்கேதானே போகும். மோதிரங்கள் ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிது. ஆனால் என்னை நிறுத்தியது நீளமான கோல்கள். ஆளுயரம் இருக்கும், மரத்தில் செதுக்கி மேலே தங்கத் தகடு ஒட்டியது, உச்சியில் சின்னச் சின்ன உருவங்கள். விளக்க அட்டையில் ‘மொழியாளர் கோல்’ என்ற அர்த்தத்தில் போட்டிருந்தார்கள். மொழியாளர் என்றால் மொழிபெயர்ப்பாளரா? வீட்டுக்கு வந்து இணையத்தில் இந்தக் கோல்களின் படங்களைத் தேடினேன். ஒன்றில் ஒரு கை முட்டையைப் பிடித்திருக்கிறது. இன்னொன்றில் இரண்டு பேர் ஒரு மேசை முன்னால், நடுவில் சாப்பாடு, ஒருவர் சாப்பிடுகிறார். இது விருந்தோம்பலைக் காட்டுவதா? அப்படியென்றால் ‘செல்விருந்து ஓம்பி’ குறளோடு தொடங்கலாம் என்று ஒரு யோசனை.

பகுதிநேர_வாத்தியார் எழுதியது:

குறளைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்!

அந்தக் கோலை வைத்திருப்பவரை ஒச்சியாமே என்பார்கள். ‘மொழியாளர்’ என்பது ஆங்கிலத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, அவர் மொழிபெயர்ப்பவர் இல்லை. ஆக்கான் மக்களில் ஒரு பெரிய பிரிவு அசாந்தே; அவர்களுடைய அரசரோ வேறு தலைவரோ சபையில் நேரடியாகப் பேச மாட்டார். மெதுவாகச் சொல்வதை ஒச்சியாமே வாங்கி, அழகும் பழமொழியும் சேர்த்துச் சபைக்குச் சொல்வார். சபையிலிருப்பவர் அரசரிடம் பேச வேண்டுமானாலும் அவர் வழியாகத்தான். ஆலோசகர், தூதர், வழக்கு வாதாடுபவர் எல்லாமே அவர். கோலின் உச்சியில் இருப்பது ஒவ்வொன்றும் ஒரு பழமொழி. முட்டையைப் பிடித்த கை என்றால் அதிகாரம்: இறுக்கிப் பிடித்தால் உடையும், தளர விட்டால் விழும்.

சாப்பாட்டு மேசைக்கு வருவோம். அதன் பழமொழி, ‘உணவு அதன் சொந்தக்காரனுக்குத்தான், பசித்தவனுக்கு அல்ல.’ அதாவது அரசிருக்கை உரிமை உள்ளவனுக்குரியது, ஆசைப்படுகிறவனுக்கு இல்லை. விருந்தோம்பலுக்கு நேர் எதிர்த் திசை! பதவிச் சண்டைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் அந்தக் கோலைப் பிடித்திருந்தால், வாயே திறக்காமல் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பொருளை மட்டும் பார்த்தால் இது தெரியாது, எந்தச் சபையில், யார் கையில், எந்த வழக்குக்கு என்று கேட்க வேண்டும். உங்கள் ஐந்து பக்கத்துக்கு இதுவே போதும் என்பேன்.

இதோடு சேர்த்து 1900-ஐயும் படியுங்கள். அசாந்தேக்களுக்கு ஒரு தங்க ஆசனம் உண்டு. முதல் அரசர் ஒசெய் டுட்டுவின் காலத்தில், 1700-ஐ ஒட்டி, ஒகொம்ஃபோ அனோச்சே என்ற பூசாரி அதை வானத்திலிருந்து இறக்கினார் என்பது அவர்கள் மரபு. அதில் அந்த மக்களின் உயிரே இருக்கிறது, அரசர்கூட அதில் உட்கார மாட்டார். அரசர் பிரெம்பேயை 1896-இல் பிரிட்டிஷார் பிடித்து நாடு கடத்தியாகிவிட்டது. 1900 மார்ச்சில் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் அசாந்தே தலைநகரான குமாசிக்கு வந்து, தலைவர்களைக் கூட்டி, அந்த ஆசனத்தில் என்னை ஏன் உட்கார வைக்கவில்லை என்று கேட்டார். எஜிசு என்ற ஊரின் ராஜமாதா யா அசாந்தேவா தலைமையில் போர் வெடித்தது. போரில் தோற்றார்கள், அவரை செஷல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள், 1921-இல் அங்கேயே இறந்தார். ஆனால் ஆசனம் மட்டும் பிரிட்டிஷ் கைக்குக் கிடைக்கவே இல்லை. நாற்காலி என்றால் உட்காரத்தான் என்று நினைத்த ஒரு ஆளின் கதை இது. முதலாண்டு ஹியூமானிட்டீஸ் எதற்கு என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நாகர்கோவில்காரன் எழுதியது:

இது அருமையான கதை, ஒப்புக்கொள்கிறேன். இப்போதுதான் ஆக்கான் மக்களைப் பற்றித் தேடிப் படித்தேன். சொத்தும் பதவியும் தாய் வழியில், அண்ணன் தம்பிக்கு அடுத்து சகோதரியின் மகனுக்கு! ஐயா, இது எங்கள் நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி! கவிமணி இதைக் கிண்டல் செய்து ஒரு மான்மியமே பாடியிருக்கிறார். திருவிதாங்கூர் அரச பட்டமும் அப்படித்தான் இறங்கியது. மறுபடி_மாணவி, இதை வைத்துக் கட்டுரை எழுதினால் நம்முடையதையும் உள்ளே கொண்டுவந்த மாதிரி ஆயிற்று.

ரொறொன்ரோ_மதினி எழுதியது:

நாகர்கோவில் அண்ணை, கோபிக்க வேண்டாம், எங்கட ஆட்களுக்கு இது ஒரு வருத்தம். எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் பத்து நிமிசத்தில் ‘இது எங்களிட்டயும் இருக்கு’ என்று வந்து முடியும், அதோடு மற்றவனைப் பற்றிய பேச்சும் முடிந்துவிடும். மேசையும் சாப்பாடும் விருந்தோம்பலாகத் தெரிந்ததும் இதே கண்ணாலதான்.

நாகர்கோவில்காரன் எழுதியது:

கோபமெல்லாம் இல்லை மதினி. ஆனால் ஒப்பிடாமல் எப்படிப் புரிந்துகொள்வது? தாய்வழி என்றால் என்ன என்று ஒரு அமெரிக்க மாணவன் புத்தகத்தில் படிக்க வேண்டும், நான் என் தாத்தா வீட்டுச் சண்டையிலேயே பார்த்திருக்கிறேன். தகப்பன் உழைத்தது சகோதரி மகனான மருமகனுக்குப் போகும்போது சொந்தப் பிள்ளைகள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் கண்ணோடு கானாவைப் பார் என்றால் அது முடியாத காரியம்.

பகுதிநேர_வாத்தியார் எழுதியது:

அந்த அனுபவம் பெரிய சொத்து, வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதைக் கேள்வியாக மாற்றினால்தான் கட்டுரைக்கு ஆகும். உதாரணமாக: சொந்தப் பிள்ளைகளின் அந்தக் கசப்பு குமாசியில் எப்படிச் சமாளிக்கப்பட்டது, தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்ன வந்தது? தேடினால், ஆக்கான் நம்பிக்கையில் இரத்தம் தாயிடமிருந்து, ஆவி தகப்பனிடமிருந்து என்று ஒரு பிரிவினை இருப்பது தெரியும். அசாந்தேயில் ராஜமாதாவுக்குத் தனி ஆசனம் உண்டு, அடுத்த அரசரை முன்மொழிகிறவர் அவர்தான், யா அசாந்தேவா போருக்கு அழைத்தது அந்தப் பதவியிலிருந்து. நாஞ்சில் நாட்டில் வீட்டு நிர்வாகம் காரணவர், அதாவது தாய்வழிக் குடும்பத்தின் மூத்த ஆண், கையில். ஒரே ஏற்பாடு போலத் தெரிகிற இரண்டுக்கும் நடுவில் எங்கே பிளவு விழுகிறது என்று பார்ப்பதில்தான் ருசி.

அக்ரா_ரிட்டர்ன் எழுதியது:

பழைய உறுப்பினன், எழுதுவது அபூர்வம். கானாவில் டெமா துறைமுகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

நீங்கள் எல்லோரும் கடந்த காலத்திலேயே பேசுகிறீர்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பார்ப்பதால் வருவது அது. குமாசியில் மன்ஹியா அரண்மனையில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை அக்வாசிடே என்று ஒரு சபை கூடும், இப்போதும் கூடுகிறது. அரசர் பெரிய குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார், உடம்பில் எத்தனை தங்கம் என்றால் கையைத் தூக்க இன்னொரு ஆள் தாங்கிப் பிடிக்க வேண்டும். கோல் பிடித்த ஒச்சியாமேக்கள் முன்னால் வரிசையாக. பக்கத்திலேயே ஒருவர் கைபேசியில் நேரலை விட்டுக்கொண்டிருப்பார். என்னோடு வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் குடும்ப நிலத் தகராறுக்கு வக்கீலிடமும் போனார், ஊர்த் தலைவரிடமும் போனார், இரண்டிலும் அவருக்கு முரண்பாடு தெரியவில்லை.

இறந்தவர் வீட்டுக்குக் கருப்பும் சிவப்பும் கட்டிக்கொண்டு போவார்கள், அது சனிக்கிழமைகளில் ஊரே திரளும் பெரிய காரியம். பிறந்த கிழமைதான் பெயர்: கோஃபி என்றால் வெள்ளி, குவாமே என்றால் சனி. கோஃபி அன்னானும் குவாமே நிக்ருமாவும் அப்படித்தான். அந்தத் தங்க ஆசனத்துக்கே கோஃபி என்று பெயர் உண்டு, வெள்ளிக்கிழமை இறங்கியதால். அப்புறம் ஒன்று, கானா என்றால் ஆக்கான் மட்டும் இல்லை. நான் இருந்த டெமா, அக்ரா பக்கம் கா மக்களின் மண், கிழக்கே எவே, வடக்கே தகோம்பா. எவேக்களும் தகோம்பாக்களும் தந்தை வழிக்காரர்கள். ‘ஆப்பிரிக்கப் பண்பாட்டில் தாய்வழி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அவர்களே சிரிப்பார்கள்.

கென்டே துணியைப் பற்றியும் யாராவது பேசலாம். அமெரிக்காவில் பட்டமளிப்பு விழாவில் கறுப்பின மாணவர்கள் தோளில் போட்டுக்கொள்கிறார்களே, அதுதான். போன்வைரே போன்ற ஊர்களில் கைத்தறியில் குறுகிய பட்டையாக நெய்து, பட்டைகளைச் சேர்த்துத் தைப்பார்கள். 2020 ஜூனில் ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் அதைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டது சர்ச்சையானது நினைவிருக்கும்.

பைதான்_பையன் எழுதியது:

சரி, நான் கிண்டலடித்தேன்தான், ஆனால் இழையை முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நடைமுறைச் சந்தேகம். இதெல்லாம் ஐந்து பக்கத்தில் அடங்குமா? அந்தக் கோல் ஹூஸ்டனுக்கு எப்படி வந்தது, அதுவும் கொள்ளையா? அதையும் எழுத வேண்டுமா?

பகுதிநேர_வாத்தியார் எழுதியது:

எல்லாமே கொள்ளை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹூஸ்டன் தொகுப்பில் பலவும் 19, 20-ஆம் நூற்றாண்டுப் பொருள்கள், சந்தையில் வாங்கப்பட்டு வந்து சேர்ந்த வகை. ஆனால் 1874-இல் பிரிட்டிஷ் படை குமாசி அரண்மனையைக் கொள்ளையடித்துக் கொளுத்தியது, அந்தத் தங்கம் லண்டனில் இருக்கிறது. 2024-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் 32 பொருள்களை மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு அனுப்பின, மூன்று ஆண்டுக் கடனாக. ஆமாம், எடுத்த இடத்துக்கே கடன். நிரந்தரமாகக் கொடுக்க பிரிட்டிஷ் சட்டம் இடம் தராது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதே ஆண்டு பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் ஃபவுலர் அருங்காட்சியகம் ஏழு பொருள்களை எந்தக் கடன் கணக்கும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தது. நாகர்கோவில்காரரின் ஸ்ரீபுரந்தான் கேள்வியும் இதுவும் ஒரே குடும்பம், மாடரேட்டர் மன்னிக்கவும்.

ஐந்து பக்கத்தில் அடங்காது, அடக்கவும் வேண்டாம். ஒரு கோலை எடுங்கள். என்ன தெரிகிறது என்று ஒரு பக்கம், தங்கத் தகடு எங்கே உரிந்திருக்கிறது, மரம் எத்தனை துண்டு, உருவங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பது வரை. அப்புறம் யார் கையில், எந்தச் சபையில். வந்த வழியை அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் எவ்வளவு கொடுத்திருக்கிறார்களோ அவ்வளவு. அதோடு செதுக்கியது யார் என்று தேடுங்கள். பாடப்புத்தகங்களில் ஆப்பிரிக்கப் பொருள் என்றாலே பெயரில்லாத கலைஞர்தான், மைக்கலாஞ்சலோவுக்கு மட்டும் பிறந்த தேதி வரை இருக்கும். ஆனால் ஒசெய் பொன்சு என்ற அசாந்தே சிற்பி, 1900-இல் பிறந்தவர், அரசர்களுக்காக இப்படிப்பட்ட கோல்கள் செதுக்கியவர், கை வேலையைப் பார்த்தே அவருடையது என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். நம் கோயில் செப்புத் திருமேனிகளிலும் ஸ்தபதி பெயர் நமக்குப் பெரும்பாலும் தெரியாது என்பதை நினைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

மறுபடி_மாணவி எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். உணவு மேசைக் கோல்தான் என் விஷயம், அல்லது அதைப் போல ஹூஸ்டனில் இருப்பதில் ஒன்று. அடுத்த வியாழன் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காரப் போகிறேன். கோல் பிடித்தவரைப் பார்த்த ஒருவர் இங்கேயே இருப்பதால் அக்ரா_ரிட்டர்ன் சாருக்குத் தனிச் செய்தியில் சில கேள்விகள் அனுப்புகிறேன், பதில் போடுங்கள்.

நடராஜர் விஷயத்தை ஆசிரியரிடம் பேசினேன். கட்டுரைக்குக் கூடாது, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். ஆனால் இந்தியா வாரத்தில் பத்து நிமிடம் பேசச் சொன்னார். மதினி எச்சரித்தது நினைவில் இருக்கிறது. இந்தியாவைப் பற்றி நான் பேசப் போவதில்லை, எங்கள் ஊர்க் கோயிலில் ஆருத்ரா தரிசனத்தன்று விடியற்காலை அபிஷேகத்திலிருந்து வீதியுலா வரை அந்த ஒரு திருமேனிக்கு என்னென்ன நடக்கும் என்று மட்டும் சொல்லப் போகிறேன். செம்பியன் மாதேவிக்கு ஒரு நிமிடம் ஒதுக்கியாயிற்று, நாகர்கோவில் அண்ணா.

வீட்டில் பயன் என்ன என்று கேட்டவருக்கு ஆளுநர் ஹாட்ஜ்சன் கதையைச் சொன்னேன். ‘அந்த ஆளுக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே’ என்றார்.

பைதான்_பையன் எழுதியது:

அக்கா, நானும் ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில்தான் இருக்கிறேன். டிகிரி பிளானில் ஆர்ட் அப்ரிசியேஷன் இன்னும் பாக்கி. வியாழக்கிழமை நானும் வரலாமா? அங்கே பார்க்கிங்குக்கு எவ்வளவு வாங்குகிறார்கள்?